விவரம் தெரியாதோர் ஒதுங்கும் திட்டம்

விவரம் தெரியாதவர்கள் ஓட்டுப் போடுவதால்தான் நாடு கெட்டுப் போகிறது என்று தொண்ணூற்றாறாம் வருசம் கோயமுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடிய கருத்தரங்கு கண்டுபிடித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கண்டுபிடித்து, சாப்பாட்டுக்குப் பின்னால் தீர்மானமும் போட்டுவிட்டார்கள். தீர்மானம் அரசாணை ஆகவில்லை. ஆனால் பாலுசாமி என்கிற அதிகாரியின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அரசாணையாக இருந்தாலாவது கோர்ட்டுக்குப் போய் நிறுத்தலாம்.

பாலுசாமி மூன்று மாதம் ராப்பகலாக யோசித்து, 'விவரம் அறியா வாக்காளர் தாமாகவே முன்வந்து ஒதுங்கி நிற்கும் சிறப்புத் திட்டம்' என்று ஒன்றை உருவாக்கினார். சோதனை முயற்சிக்கு ஓர் ஊர் வேண்டுமே? தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில், எவனும் எதிர்த்துப் பேசத் தெரியாத வெள்ளக்கரட்டூரைத் தேர்ந்தெடுத்தார். பஞ்சாயத்துத் தேர்தலுக்குப் பதினைந்தே நாள் இருந்தது.

அந்த ஊரில் ராசாத்தாளுக்கு இரண்டு ஏக்கர் வாழை. யானை வராமல் இருக்க மலையடிவாரம் நெடுகிலும் அகழி வெட்டச் சொல்லி சர்க்கார் பணம் ஒதுக்கியது. காண்டிராக்டர் காளிச்சாமி அந்த அகழியைத் தன் தென்னந்தோப்பைச் சுற்றி மட்டும் வெட்டிவிட்டு, ஊருக்கே வெட்டியதாக பில் வாங்கிக்கொண்டார். யானை என்ன செய்யும் பாவம், தோப்புக்குள் போக முடியாமல் திரும்பி, பக்கத்திலிருந்த ராசாத்தாள் தோட்டத்தில் இறங்கியது. போன வருசம் முந்நூறு வாழை போயிற்று. இன்னொரு தரம் இறங்கினால் தோட்டத்தை விற்றுவிட்டு மில் கூலிக்குப் போகவேண்டியதுதான்.

இப்போது பிரசிடெண்ட் பதவிக்குக் காளிச்சாமியே பூட்டுச் சின்னத்தில் நின்றார். எதிர்த்து ஏணிச் சின்னத்தில் நரசிம்மலு நின்றார். நல்ல மனுசர். ஜெயித்தால் முதல் வேலை அகழிதான் என்று சொல்லியிருந்தார். ராசாத்தாள் அந்த ஏணியைத்தான் மலைபோல நம்பிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். படிவத்தில் ஒரே கேள்வி: 'ஊர் நிலவரம் பற்றித் தங்களுக்கு என்ன தெரியும்?' தெரிந்தவர்களுக்குப் பச்சை அட்டை. தெரியாதவர்களுக்கு, தேச நலன் கருதி ஒதுங்கி நிற்பதற்கான பாராட்டுச் சான்று. அதை அங்கேயே சுடச்சுட லேமினேஷன் செய்துதர காந்திபுரத்திலிருந்து ஒரு மிஷினும் வந்திருந்தது. அந்தக் காலத்தில் கோயமுத்தூர்ச் சனத்துக்கு லேமினேஷன் பைத்தியம். ரேஷன் கார்டு, ஜாதகம், செத்துப்போனவர்களின் பஸ் பாஸ் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பச்சை அட்டைக்கு லேமினேஷன் கிடையாது என்று தெரிந்ததும் கூட்டம் முண்டியடித்தது.

ராசாத்தாள் முறை வந்தது.

"ஊர் நிலவரம் பற்றி உங்களுக்கு என்னம்மா தெரியும்?"

இப்படியொரு பெரிய மனுசர் கேட்டால் எங்கள் பக்கத்தில் சொல்கிற பதில் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் அவளும் சொன்னாள்.

"எனக்கென்னுங்க சார் தெரியும்? நீங்க படிச்சவீங்க. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க."

பாலுசாமி எழுதினார்: 'தெரியாது. தானே ஒப்புக்கொண்டார்.'

ராசாத்தாள் பதறிப்போனாள். "ஐயோ சார், அது ஒரு மரியாதைக்குச் சொன்னதுங்க!"

"மரியாதைக்கென்று படிவத்தில் கட்டம் இல்லையம்மா."

"எனக்கு எல்லாம் தெரியுமுங்க. அகழி எங்கே வெட்டுனது, எத்தனை அடி வெட்டுனது, யாரு காசு வாங்குனதுன்னு அத்தனையும் தெரியுமுங்க. காளிச்சாமி தோப்பைச் சுத்தி மட்டுந்தானுங்க வெட்டியிருக்குது!"

பாலுசாமி பதிவேட்டைப் புரட்டினார். "பதிவேட்டின்படி அகழி ஊர் முழுக்க இருக்கிறது. ஆக, உங்களுக்குத் தெரிந்திருப்பது தப்பு."

"நேர்ல வந்து பாருங்க சார்!"

"நேரில் பார்ப்பதெல்லாம் உண்மையாகிவிட்டால் பதிவேடு எதற்கம்மா? ஒன்றும் தெரியாதவரைக்கூட மன்னிக்கலாம். தப்பாகத் தெரிந்தவர் அதைவிட ஆபத்து. அடுத்த ஆள்!"

அடுத்த ஆளும், அதற்கடுத்த ஆளும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். "நாம என்னத்தைங்க கண்டோம்", "நமக்கெங்கீங்க அதெல்லாம்" என்று ஊரே பணிவாகக் கையைக் கட்டி நின்றது. ஏணிச் சின்ன வேட்பாளர் நரசிம்மலுவும் வரிசையில் வந்தார். "நானென்னுங்க சொல்றது? ஊர்ச்சனம் சொல்றதுதானுங்க" என்றார். அவருக்கும் ஒரு சான்று லேமினேஷன் ஆகி வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

காளிச்சாமி மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எனக்கு எல்லாம் தெரியும் சார்" என்றார். அவருடைய மச்சான், மேஸ்திரி, பொக்லைன் டிரைவர் ஆகியோரும் அப்படியே சொன்னார்கள். அறுநூற்றுப் பதினாலு வாக்காளர்களில் விவரம் தெரிந்தவர்கள் நாலு பேர் என்று தெரியவந்தபோது பாலுசாமிக்கே கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் இந்த நாடு எப்பேர்ப்பட்ட ஆபத்தில் இருந்திருக்கிறது!

ராசாத்தாள் சும்மா இருக்கவில்லை. தொண்டாமுத்தூர் போய் ஒரு வக்கீலைப் பார்த்தாள். "அந்தக் காகிதத்துக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. யார் வேண்டுமானாலும் போய் ஓட்டுப் போடலாம்" என்றார் அவர். அதை வந்து வீடு வீடாகச் சொன்னாள். தொண்டை கட்டி இருமல் வருகிற அளவுக்குச் சொன்னாள்.

"சட்டம் தடுக்காதுங்க அக்கா. ஆனா ஆபீசர்கிட்டத் தெரியாதுன்னு சொல்லிப்போட்டு, இப்பப் போய்க் குத்துனா அவரு என்ன நெனைப்பாரு?" என்றார் பால்காரர் தம்பிதுரை.

"அவரு என்ன நெனைச்சா உனக்கென்ன கண்ணு? என் வாழை போயிருமே!"

"அதுக்காகச் சொன்ன சொல்லு மாறலாமுங்களா? நல்லாவா இருக்கும்?"

எல்லா வீட்டிலும் இதே கதைதான். மோர் கொடுத்து, உட்காரவைத்து, வாழைக்காக வருத்தப்பட்டு, பிறகு இதையே சொன்னார்கள். "மானங்கெட்ட மரியாதை! இதுக்கு நாலு வார்த்தை வைதுட்டாலும் தேவலை" என்று வீதியில் நின்றே கத்திவிட்டு வந்தாள் ராசாத்தாள். அன்றைக்கு அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு ஊரையே கொளுத்தியிருப்பாள்.

தேர்தலன்று காலையில் எட்டு மணிக்கெல்லாம் விவரம் தெரிந்த நாலு பேரும் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அப்புறம் ஈ காக்கை இல்லை. பத்து மணிக்கு ராசாத்தாள் வந்தாள், தன்னந்தனியாக. ஒரே ஒரு ஓட்டாவது ஏணிக்கு விழட்டும், இந்த அநியாயத்துக்கு ஒப்பாத ஒருத்தி ஊரில் இருந்தாள் என்று கணக்கிலாவது இருக்கட்டும் என்பது அவளுடைய வைராக்கியம்.

பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து நூறு கெஜம் தள்ளி, விதிமுறைப்படி, காளிச்சாமி நின்றிருந்தார். அவளைக் கண்டதும் இரண்டு கையையும் குவித்தார்.

"வாங்கக்கா. இருமல் தேவலைங்களா? சளி கட்டிக்கிச்சுன்னு சொன்னாங்க."

"இப்பத் தேவலைங்க."

"வெந்நி குடிங்கக்கா. அப்புறம்... பூட்டுச் சின்னமுங்க. பாத்துப் போட்டுருங்க."

அவனை அறைந்திருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். குறைந்தபட்சம் பேசாமலாவது போயிருக்கலாம். ஆனால் முகத்துக்கு நேராகக் கும்பிட்டுக் கேட்கிறவனிடம், அதுவும் இருமலை விசாரித்தவனிடம்? ராசாத்தாள் வாயிலிருந்து அதுபாட்டுக்கு வந்தது:

"அதுக்கென்னுங்க, போட்டுட்டாப் போச்சு."

சொன்ன பிறகுதான் திக்கென்றது. சரி, உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டு மறைப்புக்குள் போனாள். முத்திரையை ஏணிக்கு மேலே கொண்டுபோனாள். கை இறங்கவில்லை. கேட்டான், சரி என்றோம். சொல்லிப்போட்டு மாற்றிக் குத்தினால் நாம் என்ன மனுசி? வாழையை நினைத்தாள், யானையை நினைத்தாள், அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதபடியே பூட்டில் குத்திவிட்டு வெளியே வந்தாள்.

எண்ணினார்கள். பூட்டு ஐந்து. ஏணி சுழி. 'விவரம் தெரிந்தவர்கள் நூறு சதவீதத்துக்கும் அதிகமாக வாக்களித்துள்ளனர்' என்று பாலுசாமி அறிக்கை அனுப்பினார். அவருக்குப் பதவி உயர்வு வந்தது. காளிச்சாமி மாலையோடு ஊர்வலம் வந்தார். ராசாத்தாள் தோட்டத்துப் பக்கம் ஒரு கும்பிடும் போட்டுவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலையில் நரசிம்மலு அவளைத் தேடி வந்தார். ராசாத்தாளுக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. "என்னை நாலு சாத்துச் சாத்துங்கண்ணா. அந்த அஞ்சாவது ஓட்டு என்னுதுங்க. கேட்டுப்போட்டான், சரின்னுபோட்டேன்" என்று உடைந்து அழுதாள். "நான் ஒருத்தி சரியாக் குத்தியிருந்தா, ஊரும் வந்து குத்தியிருந்தா, நீங்கதானுங்களே பிரசிடெண்ட்?"

நரசிம்மலு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அழுவாதீங்க அம்மணி. ஊரு வந்திருந்தா அறுநூத்திப் பதினாலும் பூட்டுக்குத்தானுங்க விழுந்திருக்கும். காளிச்சாமி ஒரு ஊடு விடாமப் போயிக் கும்புட்டுக் கேட்டிருக்கிறான். எல்லாரும் சரின்னிருக்கிறாங்க."

"அப்பவும் உங்க ஓட்டு ஒண்ணு ஏணிக்கு விழுந்திருக்குமுங்களே?"

"என்னூட்டுக்குந்தான் வந்தானுங்க" என்றார் நரசிம்மலு.