சார்ஜ் ஏர்ற நேரத்துல ஒரு தட்டு

போன மாசம் ஒரு சாயந்தரம் ஆறு மணிக்கு நான் ஒரு சபதம் எடுத்தேன். ஆம்பூர்ல ஒரு தட்டு மட்டன் பிரியாணி துன்னாம இந்த உசுரு போவாது. பெரிய சபதம் தான். ஆனா மெதுவா தான் எடுத்தேன். சமையல் ரூம்ல குணசுந்தரி இருந்தா.

குணசுந்தரி என் சம்சாரம். இருபத்தேழு வருஷமா. எங்க ஏரியா பேரு ஸ்கெலட்டன். தங்கச் சுரங்க ஊரு கேஜிஎஃப்ல யாரைக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க. ஸ்கெலட்டன்னா எலும்புக்கூடாம். ஏரியா பேருக்கு ஏத்த மாதிரி என்னையும் ஆக்கிடணும்னு அவ ஆறு மாசமா பாடுபடறா. காலையில கேவுரு களி. மத்தியானம் கேவுரு ரொட்டி. ராத்திரி கேவுரு கூழு. என்னைத் தூக்கி வெயில்ல காய வெச்சா அப்பளமா பொரிக்கலாம்.

எல்லாம் அந்த டாக்டர் பண்ண வேலை. மூக்காலயே பேசுவாரு. "தாமோதரன், வெறும் வயித்துல வந்து ரத்தம் குடுங்க, சக்கரை இருக்கா பாக்கலாம்." நான் எதுக்குப் பாக்கணும்? பாத்தா தெரிஞ்சிடும். தெரிஞ்சா பிரியாணி ஜென்மத்துக்கும் கட். அதனால மூணு மாசமா டிமிக்கி. மொத தடவ குணசுந்தரி லேபுக்கு இட்டுகினு போறப்ப, வழியில பங்காருபேட்டை ஸ்டேஷன்ல போண்டா துன்னுட்டேன். ரெண்டாவது தடவ வாய் கொப்பளிக்கறப்ப காபி உள்ள போயிடிச்சி. மூணாவது தடவ, "கனவுல லட்டு துன்னேன் சிஸ்டர், கணக்குல வருமா?"ன்னு கேட்டேன். வெளிய போகச் சொல்லிட்டாங்க.

வயித்தக் காலியா வெக்கிறது ஒண்ணு தான் அவளால முடியல. மத்த எல்லாம் அவ கையில.

இந்த நேரத்துல தான் எங்க பொண்ணு பவ்யா ஒரு எலக்ட்ரிக் கார் வாங்கிக் குடுத்தா. பெங்களூருல வேலை செய்றா. சார்ஜ் பண்ற ஆப்பை அவங்க அம்மா போன்ல ஏத்திட்டா. ஏம்மா என் போன்ல ஏத்தலன்னு கேட்டேன். "உன் போன்ல எடமே இல்லப்பா, ஃபுல்லா பிரியாணி வீடியோ"ன்னா.

கார் வந்த பத்தாவது நாளு, சென்னையில இருக்கிற மச்சினிச்சி மமதா போன் பண்ணா. ஞாயித்துக்கிழமை வூடு கிரகப்பிரவேசம். சனிக்கிழமையே வந்துடணும்.

அந்தச் சேதியைக் கேட்டதும் துள்ளிக் குதிச்சவன் நான் இல்ல. பக்கத்து வூட்டு கிளாரன்ஸ்.

"மச்சான், ஆம்பூர் தாண்டி ஹைவே ஏறினதும் ஒரு பிரியாணி ஓட்டல். பார்க்கிங்லயே ரேபிட் சார்ஜர் வெச்சிகிறான். பெட்ரோல் போட்டா எவ்ளோ நேரம் நிப்ப?"

"மூணு நிமிஷம்."

"மூணு நிமிஷத்துல ஊறுகாகூட நக்க முடியாது. இதுல ஒயர மாட்டினா அம்பது நிமிஷம். உன் சம்சாரமே 'இன்னாங்க, சும்மா உக்காந்துகினு இருக்கோமே, எதனா சாப்பிடலாமா'ன்னு கேக்கும். பத்து மணிக்கு மொத தபேலா, அதான் பிரியாணி அண்டா, மூடி தெறப்பான்."

எனக்கு அங்கியே வாசனை வந்துடிச்சி. ஆனா ஒரு சிக்கல். ஃபுல் சார்ஜ் போட்டா கார் ஒரே மூச்சுல காஞ்சிபுரம் போயிடும். குணசுந்தரி பிளானும் அதான். அங்க சார்ஜரு, பக்கத்துல தயிர் சாதம்.

அப்ப கார் பாதி பேட்டரியோட கெளம்பணும். கார் நிக்கிறது கிளாரன்ஸ் வூட்டு ஷெட்ல. பிளக்கும் அங்க தான். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே செவுரு. சின்ன வயசுல இருந்து எங்களுக்கு ஒரு பாஷை கீது. எங்கப்பனுங்க ரெண்டு பேரும் மைன்ஸ்ல கேஜ்ல, அதான் சுரங்கத்துக்குள்ள எறக்கற கூண்டுல, ஏறி எறங்கினவங்க. அந்தக் கேஜுக்கு மணி கணக்கு உண்டு. ஒரு தட்டு தட்டினா, நிறுத்து. ரெண்டு தட்டு, கீழ எறக்கு. மூணு தட்டு, ஆளு ஏர்றான், உஷார். அதையே நாங்க செவுத்துல தட்டுவோம்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஏழு மணி. செவுத்துல டொக்.

சார்ஜ நிறுத்திட்டான்னு அர்த்தம். நான் பேப்பர் படிக்கிற மாதிரி சாஞ்சிகினு, முதுகுக்குப் பின்னால டொக் டொக். எறக்கு. அவன் கார்ல ஏசிய போட்டு பேட்டரிய எறக்குவான்.

"இன்னாங்க செவுத்துல சத்தம்?" உள்ள இருந்து குணசுந்தரி.

"பல்லிம்மா."

"பல்லி ரெண்டு ரெண்டா கணக்கா தட்டுதா?"

"படிச்ச பல்லி."

"ஓ"ன்னா. அவ்ளோ தான். நான் குளிக்கப் போயிட்டேன். எட்டரைக்கு சாப்பாடு, பேருக்கு ரெண்டு வாய். வயித்துல எடம் வேணுமே.

காலையில கிளாரன்ஸ் ஷெட்ட தொறக்கறப்ப காதுல சொன்னான். "நாப்பத்தெட்டுல எறக்கி வெச்சிகிறேன். ராத்திரி அம்பத்தஞ்சுல நிறுத்தவான்னு ஒரு தட்டு தட்டினேன், நீ இன்னும் எறக்குன்னு தட்டின."

"நானா? நான் குளிச்சிகினு இருந்தேனே."

"அப்ப தட்டினது யாரு?"

ரெண்டு பேரும் யோசிச்சோம். யோசிக்கிறது எங்களுக்குப் பழக்கம் இல்ல. விட்டுட்டோம்.

ஏழரைக்கு கெளம்பறப்ப குணசுந்தரி தட்டுல இட்லியோட வந்தா.

"வயிறு சரியில்லம்மா, வேணாம்."

வழக்கமா இப்படி சொன்னா அவ விட மாட்டா. ஓம வாட்டரு, இஞ்சிச் சாறு, திட்டு, இந்த ஆர்டர்ல வரும். அன்னைக்கி, "சரிங்க, தண்ணி மட்டும் குடிங்க"ன்னு இட்லிய டப்பால போட்டு மூடிட்டா. நான் என் நடிப்ப நானே மெச்சிகினேன்.

குணசுந்தரி கார்ல ஏறி ஸ்கிரீன பாத்தா.

"இன்னாங்க, நாப்பத்தெட்டு காட்டுது? ஃபுல்லா போட்டேன்னு சொன்னீங்க?"

"கரண்ட் போயிடிச்சிம்மா. கவலைப்படாத, வழியில எங்கியாச்சும் நிறுத்தி ஏத்திக்கலாம்."

"எங்கியாச்சும்னா?"

"அதான்... எங்கியாச்சும்."

வி.கோட்டா வரைக்கும் ஜாலி. ஏசி ஃபுல்லு. பாட்டு ஃபுல்லு. பகல்லயே ஹெட்லைட்டு. பேட்டரி கொறைய கொறைய என் மனசு நெறையுது. நாப்பது. முப்பத்தஞ்சு. முப்பத்திரெண்டு. மேப்புல பேசற பொம்பள மாதிரியே குரலை மாத்தி, "இன்னும் முப்பது கிலோமீட்டரில் இலை போடப்படும்"னு சொன்னேன். குணசுந்தரி சிரிச்சா. அவ சிரிச்சா நான் பயப்படணும். அன்னைக்கி மறந்துட்டேன்.

அப்புறம் பேர்ணாம்பட்டு காட் ரோடு வந்திச்சி. எறக்கம். கார் எறங்குது, எறங்குது. ஸ்கிரீன பாக்கறேன். முப்பத்திரெண்டு முப்பத்திமூணாச்சி. முப்பத்திமூணு முப்பத்தஞ்சாச்சி. எறக்கத்துல சக்கரம் சுத்தறதுல பேட்டரி தானே ஏறிக்குமாம். எவனும் சொல்லல.

"இன்னாங்க, கீழ எறங்க எறங்க நம்பர் ஏறுது?"

"அதான் எனக்கும் புரியல."

"நம்ம மைன்ஸ்ல கூட அப்படித்தானே. கீழ போகப் போக லெவல் நம்பர் ஏறும். கார் நம்ம ஊர்ல வளருதுல்ல."

அவளுக்கு ஜோக்கு. பிரியாணிக்கும் எனக்கும் நடுவுல ஒரு மலை. நான் ஜன்னல் நாலையும் தெறந்து வுட்டு, ஏசிய கடைசி வரைக்கும் திருப்பி, வைப்பரையும் போட்டேன்.

"மழையே இல்ல, வைப்பர் எதுக்கு?"

"கண்ணாடி அசிங்கமா கீது."

எப்படியோ ஆம்பூர் வந்து ஹைவே ஏறறப்ப இருவத்தி ரெண்டு. ஸ்கிரீன் செவப்பாச்சி. என் மூஞ்சி மலர்ந்துச்சி. மணி பத்து. "அய்யய்யோ, சார்ஜ் தீந்து போச்சே"ன்னு ஒரு குரல்ல அலறிகினே, வழி தெரிஞ்சவன் மாதிரி நேரா ஓட்டல் பார்க்கிங்ல வண்டிய உட்டேன். உள்ள தபேலா மூடிய தெறந்துட்டான். வாசனை காருக்குள்ள வந்து என் பக்கத்துல உக்காந்துச்சி.

ஓடிப் போய் ஒயர மாட்டினேன். மிஷின்ல செவப்பு லைட்டு. அசையல.

"குணா, போன குடு. ஆப்ல ஸ்டார்ட் அமுக்கணும்."

"இங்க அமுக்க முடியாதுங்க. நான் வேற எடம் புக் பண்ணிட்டேன். தோ, நாலே கிலோமீட்டர்."

"எப்ப பண்ண?"

"நேத்து."

"நேத்தா? ஆம்பூர்ல சார்ஜ் தீரும்னு நேத்தே உனக்கு யாரு சொன்னாங்க?"

"பல்லி சொல்லிச்சிங்க."

சொல்லிட்டு வெரல மடக்கி டேஷ்போர்டுல தட்டினா. டொக். அப்புறம் டொக் டொக். அப்புறம் டொக் டொக் டொக்.

நான் மாட்டின ஒயர கழட்டினேன்.

"எங்கப்பா மைன்ஸ்ல இன்னா வேலைங்க?"

"அது... கேஜ் எறங்கற ஷாஃப்ட்டுகிட்ட..."

"ஷாஃப்ட்டுகிட்ட இன்னா?"

"மணி அடிக்கிற வேலை."

"முப்பது வருஷம் அடிச்சாரு. என்னைத் தாலாட்டறப்பவும் அதே கணக்குல முதுகுல தட்டுவாரு. மூணு தட்டினா தான் எனக்கு தூக்கமே வரும். எங்கிட்டயே மணி அடிக்கிறீங்க."

"அப்ப நேத்து கிளாரன்ஸுக்கு தட்டினது..."

"படிச்ச பல்லி."

அதோட உட்டாளா? "எனக்கு பசிக்குதுங்க"ன்னு எறங்கிப் போய் ஒரு மட்டன் பிரியாணி பார்சல் வாங்கினு வந்தா. மடியில வெச்சிகினா. நாலு கிலோமீட்டரு. நான் ஓட்டினது காரா, மூக்கான்னு எனக்கே தெரியல.

அவ புக் பண்ண எடம் வந்திச்சி. சார்ஜர் நல்லா தான் இருந்திச்சி. பின்னால இருந்த போர்ட படிச்சேன். ரத்தப் பரிசோதனை நிலையம்.

"எறங்குங்க. அம்பது நிமிஷம் சும்மா தானே உக்காரப் போறோம்."

உள்ள போனா சிஸ்டர் என் பேர சொல்லி கூப்பிடறாங்க. அதுவும் புக்கிங்கு.

"கடைசியா எப்ப சாப்ட்டீங்க?"

நான் தைரியமா, "இப்ப தான் சிஸ்டர், ஒரு போண்டா"ன்னு ஆரம்பிச்சேன். அந்த நேரம் பாத்து என் வயித்துல இருந்து மைன்ஸ் சைரன் மாதிரி ஒரு சத்தம். ஷிப்ட் முடிஞ்ச மாதிரி நீட்டா ஊதிச்சி. நான் எத்தனையோ பேரு குரல்ல பேசுவேன். என் வயிறு அதோட சொந்தக் குரல்ல பேசிடிச்சி.

"நேத்து ராத்திரி எட்டரை, சிஸ்டர்," குணசுந்தரி சொன்னா. "பதிமூணரை மணி நேரம் தாண்டிடிச்சி. மூணு மாசமா நானும் கெஞ்சறேன், அரை மணி நேரம் வயித்தக் காயப் போட மாட்டாரு. இந்தத் தடவ அவரே ஆசைப்பட்டு பட்டினி கெடந்தாரு."

வெளிய காருக்கு ஒயர்ல ஏறுது. உள்ள எனக்கு ஊசில எறங்குது.

ரிசல்ட் வந்தப்ப கார் எண்பது. நானு நூத்தி எண்பது.

கார்ல வந்து உக்காந்தோம். சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சி இன்னொரு தடவ ரத்தம் குடுக்கணுமாம். டப்பாவ தெறந்து என் கையில குடுத்தா. காலையில நான் வேணாம்னு சொன்ன அதே இட்லி. அவ பார்சல பிரிச்சா. ஆவி கண்ணாடில படிஞ்சி வெளிய ரோடே தெரியல. மேல ஒரு மட்டன் துண்டு, எலும்பு வெளிய நீட்டிகினு, என்னையே பாத்துகினு இருந்துச்சி. அவ ஜன்னல் பக்கம் திரும்பின நேரத்துல கைய மெதுவா நீட்டினேன்.

அவ திரும்பவே இல்ல. டேஷ்போர்டுல டொக்.

ஒரு தட்டுக்கு தான ஆசைப்பட்டேன். கெடச்சிடிச்சி.