பல் துலக்கும் பிரஷால் லயத்தைத் தோண்டியவர்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் புதிதாக ஏதோ கடைகள் கட்டுகிறார்கள். போன வாரம் அந்தப் பக்கம் நடந்தபோது மணல் சலிக்கும் சத்தம் கேட்டது. சரக், சரக். பிறகு வலையின் மேல் தங்கிவிட்ட கற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உருளும் அந்தச் சின்னச் சிரிப்பு. நான் ஏற வேண்டிய பஸ் என் கண்முன்னாலேயே புறப்பட்டுப் போனது. நான் அப்படியே நின்றேன். மணல் சலித்தவன் கையை நிறுத்தி, "என்னா வேணும் அண்ணே?" என்று கேட்டான். என்னவென்று சொல்வது? என்னோடு படிப்பித்த சல்லடை சார் வேண்டும் என்றா?

ஊவா மாகாணத்தில் மண்ணை அவ்வளவு மெதுவாகத் தோண்டிய மனிதர் வேறொருவர் பிறந்ததில்லை. இனிப் பிறக்கவும் மாட்டார். எங்கள் மலைகளில் மண் என்றால் இரும்பு முள்ளால் குத்துவோம், மண்வெட்டியால் புரட்டுவோம், ஒன்றும் செய்யாமல் விட்டால் மழைக்கு அதுவே சரிந்து ரோட்டுக்கு வந்துவிடும். இந்த மனிதர் மட்டும் பல் துலக்கும் பிரஷால் அதன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு சாண் ஆழம் போவதற்குள், பக்கத்து மலையில் கவ்வாத்து வெட்டி மொட்டையாக நின்ற தேயிலை மறுபடி கொழுந்து விட்டுவிடும்.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாடசாலை. நான் ஐந்தாம் வகுப்பு வாத்தியார், அவர் நாலாம் வகுப்பு வாத்தியார். இரண்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு கரும்பலகை மட்டும். ஆகவே அவர் நடத்திய பாடத்தை என் பிள்ளைகளும் படித்தார்கள். நான் நடத்தியதைப் படித்தார்களா என்பது வேறு விஷயம். சுற்றாடல் பாடத்தில் பழைய பொருட்களைப் பற்றி ஒரு பக்கம் வரும். நாங்களெல்லாம் ஒரு பாடவேளையில் தாண்டிப் போகிற பக்கம். அவர் அந்தப் பக்கத்திலேயே குடியேறிவிட்டார்.

வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்புக் குப்பைக்கூடையைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"ஆக அடியில கெடக்கிறது எந்தக் கெழமக் குப்ப?"

"திங்கக்கெழம, சார்."

"மேல கெடக்கிறது?"

"இன்னைக்கு, சார்."

"அவ்ளோதான் தொல்லியல். நான் சொல்லிக் குடுத்தாச்சு. இனி நீங்கதான் கண்டுபுடிக்கணும்."

பிள்ளைகளுக்கு வெறி பிடித்துவிட்டது. பென்சில் சீவிய தூள், கொய்யாக் காம்பு, கிழிந்த கணக்குத் தாள் என்று ஒவ்வோர் அடுக்காகப் பிரித்து, யார் என்றைக்கு என்ன செய்தார்கள் என்று கண்டுபிடித்தார்கள். சொந்தக் கூடை தீர்ந்ததும் பாடசாலை அதிபரின் கூடையைத் தூக்கி வந்தார்கள். அது கந்தசஷ்டி வாரம். தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருப்பதாக அதிபர் காலைக் கூட்டத்தில் எங்களிடம் சொல்லியிருந்தார். ஒரு பொடியன் எழுந்து மண்டபமே கேட்கும்படி அறிக்கை வாசித்தான்.

"செவ்வாய்க்கெழம அடுக்குல மீன் வச்ச மாலுபான் சுத்துன கடதாசி. புதன்கெழம அடுக்குல முட்ட ரோல் கடதாசி. வியாழக்கெழமையில ரெண்டும்."

அதிபர் அறையிலிருந்து வெளியே வந்தார். "யாருடா என் கூடையைக் கிண்டுனது?"

"கிண்டல சார்," என்றார் எங்கள் ஆள் மிகுந்த மரியாதையோடு. "அடுக்கு கலையாம எடுத்தோம்."

அன்றிலிருந்து அதிபர் தன் குப்பையைத் தானே கொளுத்த ஆரம்பித்தார். சல்லடை சார் அந்தப் புகையைப் பார்த்து, "சாம்பலும் ஒரு அடுக்குதான்," என்றார்.

பாடசாலைக்குப் பின்னால் ஓர் இடிந்த லயம் கிடந்தது, தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் ஒட்டி ஒட்டி இருந்த வரிசை வீடுகள். மண்சரிவு அபாயம் என்று ஆட்களை வேறு வீடுகளுக்கு மாற்றியபின் கூரைத் தகரம் போனது, நிலை போனது, கதவு போனது. முழங்கால் உயரச் சுவர்களுக்குள் கொய்யாச் செடிகள் வரிசையாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. அங்கே தோண்டலாமா என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் போய்க் கேட்டார். அங்கே என்ன இருக்கிறது, தாராளமாகத் தோண்டுங்கள் என்று துரை சிரித்தாராம். சார் தேயிலை ஸ்டோரில் கழித்துப்போட்ட சல்லடை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அதில் சலித்த மண்ணுக்குக் கொஞ்ச நாள் தேயிலை வாசம் இருந்தது. லயத்து வீடுகளிலெல்லாம் தேய்ந்த பல் பிரஷ் சேகரித்தார். காம்பராவுக்கு, அதாவது லயத்து அறைக்கு, ஒரு குழு என்று பிரித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டார்.

சட்டம் ஒன்றுதான். எது கிடைத்தாலும் படம் வரைந்து முடிக்கும்வரை தொடக் கூடாது. வரைந்த படத்துக்குக் கீழே, அது யார் கையில் இருந்திருக்கும் என்று எழுத வேண்டும். என்ன விலை போகும் என்று கேட்கிறவன் அன்றைக்கு முழுவதும் மண் சுமக்க வேண்டும்.

இந்தச் சட்டம் வீடுகளுக்கும் பரவியது. வீட்டு முன் இஸ்தோப்பைக் கூட்ட வந்த தாயை ஒருவன் மறித்து, "மேல் அடுக்கக் கலைக்காதீங்கம்மா," என்றான். தகப்பனுக்குத் தட்டில் போட்ட ரொட்டியை ஒருத்தி வரைந்து முடிக்கும்வரை தொட விடவில்லை. அவர் மறுநாள் பாடசாலைக்கே வந்துவிட்டார். "சார், படிப்பு நல்லாத்தான் இருக்கு. ரொட்டி ஆறிப் போகுது."

கிடைத்தவை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சட்டைப் பொத்தான். நீலக் கண்ணாடிச் சில்லு. முனை ஒடிந்த கவ்வாத்துக் கத்தி. ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் கோயில் திருவிழா போலக் கூடினார்கள். தர்ஷினியின் காம்பராவில் மட்டும் எதுவுமே கிடைக்கவில்லை. சிரிக்காத பிள்ளை அது. மண்ணைச் சலித்துக்கொண்டே இருக்கும்.

"எங்களுக்கு மண்ணுதான் சார் கெடைக்குது."

"மண்ணும் கெடைச்சதுதான். நெறத்தப் பாத்து எழுது."

ஆனால் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் அவள் தாய் புஷ்பத்தை விடவில்லை. "என்னாடி, ஒம் மகளுக்கு இன்னைக்கும் மண்ணாங்கட்டிதானாமே?" புஷ்பம் கொழுந்துக் கூடையைத் தராசில் வைத்தபோது தராசே அதிர்ந்தது என்று சொன்னார்கள்.

கயிறும் சுண்ணாம்புக் கோடும் சும்மா இருக்குமா? புதையல் எடுக்கப் பூசை போடுகிறவர்களைப் பிடித்தார்கள் என்று அடிக்கடி செய்தி வருகிற நாடு இது. போதாததற்கு, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று யாரோ அங்கே சூடம் வேறு கொளுத்திவிட்டுப் போனார்கள். சார் சூடக் கறையையும் வரையச் சொன்னார். பெயர் போடாத பெட்டிசம் ஒன்று பதுளைக்குப் போனது. வாத்தியார் பிள்ளைகளை வைத்துப் புதையல் தோண்டுகிறார் என்று. நேரில் பார்த்து முடிவு சொல்ல ஒரு கல்வி அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. வேண்டாமென்று அவர் சொன்னால் குழியை மூட வேண்டியதுதான்.

அன்றைக்குத்தான் சல்லடை சார் அவசரப்பட்டு நான் பார்த்தேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கரும்பலகையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"புத்தகத்துல ராசா இருக்காரு, கொளம் இருக்கு, கோட்ட இருக்கு. லயம் இல்ல. இந்தப் புள்ளைங்க பொறந்த எடம் ஒரு எடமில்லையா சார்? இப்பப் பாதியில மூடச் சொன்னா, அங்க ஒண்ணுமே இல்லன்னு இவங்களே நம்பிருவாங்க. அப்பறம் நான் எந்த மண்ணச் சலிச்சு அந்த நெனப்ப எடுக்கிறது?"

நான் அவர் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டேன்.

அதிகாரி வந்தார். குடை, மடித்துவிட்ட கால்சட்டை, எதிலும் ஒட்டாத முகம். அன்றைக்கென்று லயத்துக்கு மேலே இருந்த வரிசைகளில் மட்டும் பெண்கள் கூட்டமாக, மிக மிக மெதுவாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பிரஷை எடுத்தார்கள். உடனே முதல் காம்பராவில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு கிடைத்தது. அடுத்ததில் வெற்றிலை இடிக்கும் உரல். அதற்கடுத்ததில் கண்ணாடிகூடக் கீறாத முருகன் படம். அதிபர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதிகாரியின் புருவம் ஏறிக்கொண்டே போனது. கடைசியாக, வாழ்க்கையில் எதுவுமே கிடைக்காத தர்ஷினியின் காம்பராவில் பளபளவென்று ஓர் எவர்சில்வர் செம்பு.

தர்ஷினி செம்பைப் பார்க்கவில்லை. அதைச் சுற்றியிருந்த மண்ணை விரலால் உதிர்த்துப் பார்த்தாள்.

"சார், இந்த மண்ணு கலைஞ்சிருக்கு. மேல இருக்கிற கறுப்பு மண்ணு கீழ கெடக்கு. இது இன்னைக்கிப் பொதைச்சது."

"நல்லாப் பாத்துச் சொல்லு," என்றார் சார்.

தர்ஷினி செம்பைத் தொடாமல் மறுபக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். கலியாணச் சீர் பாத்திரத்தில் நம் ஆட்கள் பெயர் வெட்டாமல் விடுவார்களா? "ஆமா சார். எங்கம்மா பேரு வெட்டியிருக்கு."

மேலே ஒரு தேயிலைச் செடி திடீரென்று குனிந்துகொண்டது.

"என்னா சார் இது நாடகம்?" என்று அதிகாரி திரும்பினார். சல்லடை சாரோ தேர்த் திருவிழாவில் நிற்பவர் மாதிரி நின்றார். வேலை போகப்போகிற முகமாகவே இல்லை. "பாத்தீங்களா சார். யாரும் சொல்லிக் குடுக்காமலே பொய்ய அடுக்க வச்சுக் கண்டுபுடிச்சிட்டா."

புஷ்பம் கூடையோடு இறங்கி வந்தாள். "சார் மேல தப்பில்லீங்க ஐயா. காலையில பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போறதுக்கு முந்தி நாங்கதான் பொதைச்சோம். பெரிய ஆளு வர்ற அன்னைக்குப் புள்ளைங்க வெறுங்கையோட நின்னா நல்லாவா இருக்கும்?"

"அப்ப நெசமா இங்க ஒண்ணுமே கெடைக்கலையா?" என்றார் அதிகாரி.

"கெடைச்சிச்சு சார்," என்றாள் தர்ஷினி. "தரை."

அழைத்துப்போய்க் காட்டினாள். குழியின் ஓரத்தில் மண் ஏடு ஏடாக நின்றது. பச்சை கலந்த கறுப்பு, பழுப்பு, மறுபடி கறுப்பு. ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் யாரோ ஒருத்தி குனிந்து சாணி மெழுகி மெழுகி ஏற்றிய தரை, மழைக்கும் மறதிக்கும் கரையாமல் மடித்துவைத்த சேலை மாதிரி இருந்தது. ஓர் ஏட்டை மட்டும் பிரஷால் விரித்து வைத்திருந்தார்கள் பிள்ளைகள். அதில் விரல்கள் போன பாதை அரைவட்டமாக அப்படியே இருந்தது.

அதிகாரி குந்தினார். குடை சாய்ந்து உருண்டு கொய்யாச் செடியில் போய் முட்டியது. தன் கையை அந்த விரல் தடத்துக்கு மேலே, தொடாமல், ஒருமுறை வளைத்துப் பார்த்தார். நமுனுகுலை மலைப் பக்கமிருந்து தூறல் இறங்கிக்கொண்டிருந்தது.

"தோண்டுங்க," என்றார். "ஆனா மொதல்ல மேல ஒரு தகரம் போடுங்க. இது நனையக் கூடாது."

அதிபரே ஓடினார் தகரத்துக்கு.

அதற்குப் பிறகுதான் உண்மையான சண்டை. தாய்மார் பொருளைத் திருப்பிக் கேட்டு வரிசையில் நின்றார்கள்.

"சார், நாளைக்கு வெள்ளிக்கெழம. எங்க வெளக்கக் குடுங்க சார்."

"வரைஞ்சு முடியலீங்களே."

"அது எங்க வூட்டு வெளக்கு சார்."

"நேத்து வரைக்கும் உங்க வெளக்கு. இப்ப அது கண்டெடுத்த பொருள்."

படங்கள் முடிந்தன. செம்பின் படத்துக்குக் கீழே, யார் கையில் இருந்தது என்ற இடத்தில், 'எங்க அம்மா' என்று தர்ஷினி எழுதியிருந்தாள். புஷ்பம் செம்பை வாங்கிக்கொண்டாள். படத்தையும் கேட்டாள். படம் பாடசாலைச் சொத்து என்றார் சார். பிறகு அவரே அதைப் பார்த்து இன்னொன்று வரைந்து கொடுத்தார். கோணல் மாணலாக இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

கடைசிக் காம்பராவும் முடிந்த வருடம் அவருக்கு ஹல்துமுல்லைப் பக்கம் மாற்றம் வந்தது. தெமோதரை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிடப் பாதி மலை திரண்டு வந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்களை ஒவ்வொருவராக, தொடாமல், வரைந்து முடிக்கிறவர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் உறுமியதும் புஷ்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், ரொட்டிப் பொட்டலத்தை ஜன்னல் வழியே அவர் மடியில் வைத்தாள்.

"அங்க தோண்டுறப்போ ஒரு வார்த்த சொல்லியனுப்புங்க சார். பொதைக்க ஏதாச்சும் குடுத்து விடுறோம்."