நாய்க்கு வளையம், நெவிலுக்கு வலிமை

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரான இங்கத்தின் பௌலிங் கிளப்பில் பந்து உருட்ட ஆளில்லை. எல்லோரும் ரெக்ஸ் போலண்டின் மேசை முன்னால் வரிசையில் நின்றார்கள். அவர் விற்கும் செம்பு வளையத்தில் எரிமலைக் கல் இருக்கிறதாம். மணிக்கட்டில் மாட்டினால் கைப்பலம் பொங்குமாம். கரும்பு ஆலையில் முப்பது வருடம் நட்டு திருகியவர்களே வாயைப் பிளந்தார்கள். நானும்தான். என்னிடம் இரண்டு இருந்தன.

சும்மா வாய்ப்பேச்சு இல்லை, விஞ்ஞானம்! பிடிப்பலம் அளக்கும் கருவியை முதலில் வெறுங்கையால் அழுத்தச் சொல்வார். முள் பதினெட்டு கிலோவில் நிற்கும். பிறகு கருவியில் ஒட்டிய கெட்ட சக்தியை மஞ்சள் துணியால் துடைப்பார். வளையத்தோடு அழுத்தினால் இருபத்தாறு!

வாராவாரம் முதல் ஆள் நெவில். பக்கவாதம் வந்து ஆறு மாதம். மறுபடி வலக்கையால் போட்டியில் பந்து உருட்டவேண்டும், அதுதான் அவன் கனவு. வளையம் வந்ததும் ஆஸ்பத்திரிப் பயிற்சியை விட்டுவிட்டான். அங்கே கைகளைச் சோதித்துப் பயிற்சி தரும் மார்லீன் அன்று கிளப்புக்கே வந்துவிட்டாள்.

"மூணு வாரமா எங்க போன நெவில்?"

"ஓட்டைப் பலகையில குச்சி சொருகுறதெல்லாம் சின்னப்புள்ள வேலை மார்லீன். இங்க பாரு வேடிக்கைய!"

வளையத்தைக் கழற்றி அழுத்தினான். பதினெட்டு. ரெக்ஸ் பக்தியோடு துடைத்தார். மார்லீன் வளையத்தைச் சட்டென்று எடுத்து, கிளப் நாயின் வாலில் மாட்டினாள்.

"இப்ப அழுத்து."

இருபத்தாறு!

"அடேங்கப்பா! நாய் போட்டாலும் நெவிலுக்குப் பலம் வருதே!" என்றது கூட்டம்.

ரெக்ஸ் கருவியைப் பிடுங்கப் பார்த்தார். மார்லீன் முந்திக்கொண்டு அதை எடுத்தாள். "கருவியோட பிடி தள்ளி இருந்தா விரல் சரியா மடங்காது, பலமும் வராது. துடைக்கிற சாக்குல ஐயா பிடிய உள்ள தள்ளிடுறாரு." பிடியைப் பழைய இடத்துக்கே தள்ளி, வளையத்தை நெவில் கையில் மாட்டி அழுத்தச் சொன்னாள். பதினெட்டு.

ரெக்ஸ் கார் சாவியைத் தேடினார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நெவில் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப என் கை?"

"சரியான பிடியில இருபத்தாறு. மூணு வாரம் முன்னாடி இருபத்தெட்டு இருந்துச்சு. உன் வளையம் ரெண்டு கிலோவத் தின்னுடுச்சு."

நெவில் வளையத்தை மேசையில் எறிந்தான்.

"குச்சியெல்லாம் எங்க?"

"பையிலயே இருக்கு."

வளையம் போட்ட மகாஜனங்களே, ஒருமுறை கழற்றிவிட்டு யோசித்துப் பாருங்கள். கொஞ்சம் வெட்கமாக இருக்கும். பயப்படவேண்டாம், மூளை வேலை செய்யத் தொடங்கினால் அப்படித்தான் இருக்கும்.