எல்டன் குரோல் தர்ப்பூசணி காத்த காதை

வாழ்க எல்டன் குரோல். கொலராடோவின் கீழைச் சமவெளியில், காற்றைத் தவிர வேறெதுவும் அவசரப்படாத டிரைஃபோர்க் வட்டாரத்தில், எழுபத்துமூன்று கோடைகளைக் குடித்து ஏப்பம் விட்டவனும், ஐம்பதாண்டு டிராக்டர்முழக்கப் பெருவேள்வியில் தன் இடச்செவியை ஆகுதியாகச் சொரிந்தவனும், விதைக்கம்பெனி இனாமாக ஈந்த பச்சைத் தொப்பியை மணிமுடியாகவும் கால்சட்டையைத் தோளிலிருந்து தாங்கும் இருபெரும் வார்களை மார்புக்கவசமாகவும் தரித்தவனும், வானிலை அறிக்கைக்கு முன்பே மழையை முழங்கால்களால் உணர்ந்துரைக்கும் முனிவனும் ஆகிய அவ்வீரன் நீடு வாழ்க. கொடியில் காய்க்கும் யாவற்றுக்கும் காவல் நிற்கும் தெய்வமே, நீ யாராயினும் சரி, எம் நாவில் ஒரு துண்டு குளிர்ந்த செங்கனியை வை. விதையை நாமே துப்பிக்கொள்கிறோம். பாடத் தொடங்குகிறோம்.

அவன் வீட்டின் பின்புறம் மூன்றிலொரு ஏக்கர் மணற்பாங்கான போர்க்களம். அங்கு விளைந்த தர்ப்பூசணிகளுள் தலையாய ஒன்றை ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்து மாவட்டப் பொருட்காட்சிக்கு அவன் ஏந்திச்செல்வான். நடுவர் அம்மையார் அறுப்பார், சுவைப்பார், கண்ணை மூடுவார், திறப்பார். பிறகு முதற்பரிசாகிய நீல ரிப்பனைப் பக்கத்துப் பண்ணைக் கைம்பெண் லவர்ன் ஷிமெக்கின் கனிக்குச் சூட்டிவிட்டு, இரண்டாம் பரிசாகிய சிவப்பு ரிப்பனை எல்டனிடம் நீட்டுவார். இப்படிப் பதினோராண்டு. அடுக்களைச் சுவரில் பதினோரு சிவப்பு ரிப்பன்கள் பதினோரு விழுப்புண்களைப்போல் வரிசையாகத் தொங்கின.

தோல்வியின் காரணம் ஊரறிந்தது. நரிக்கு அண்ணனும் ஓநாய்க்குத் தம்பியுமாகிய கயோட்டி என்னும் பிராணிக்குத் தர்ப்பூசணி என்றால் உயிர். பழுத்த கனியைத் தேடிவந்து, உச்சியில் ஓட்டைபோட்டு, உள்ளே இருப்பதை நக்கித் தீர்த்துவிட்டு, வெறும் தோலைக் குடம்போல் கவிழ்த்துவைத்துச் செல்லும். அந்தக் கொடுமைக்கு அஞ்சி எல்டன் ஆண்டுதோறும் நாலு நாள் முன்னதாகவே பறித்துவிடுவான். அந்த நாலு நாள் இனிப்பு கொடியிலேயே நின்றுவிடும்.

ஜூலை மாதத்து ஞாயிறொன்றில், ஆராதனை முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சபையார் காப்பியும் டோனட்டுமாக அமர்ந்திருந்த வேளையில், போர்முரசு அறையப்பட்டது. அறைந்தவள் லவர்ன்.

"என்ன எல்டன், அடுப்படிச் சுவத்துல பன்னெண்டாவது ஆணி அடிச்சாச்சா? சிவப்பு உன் மூஞ்சிக்கு எடுப்பாத்தான் இருக்கு."

எழுந்தான் எல்டன். மலை எழுந்தாற்போல எழுந்தான். அதாவது இரண்டு தவணையாக, மேசையைப் பிடித்துக்கொண்டு. அரை டோனட்டைச் செங்கோல்போல் உயர்த்தினான். "இந்த வருசம் ஒரு நாள் முன்னாடிகூடப் பறிக்க மாட்டேன். பொருட்காட்சி அன்னிக்குக் காலையிலதான் கத்தி வைப்பேன். தோத்தேன்னா ஊர்வலத்துல தர்ப்பூசணி வேசம் நான் போடுறேன். நீ தோத்தா நீ போடு."

கீழ்த்தளமெங்கும் டோனட்டுகள் தட்டுக்குத் திரும்பின. அவ்வேடத்தை அறியாதார் அங்கு எவருமில்லை. தார்ப்பாயில் பச்சைவரி தீட்டி, வைக்கோல் திணித்து, கைக்கும் தலைக்கும் துளைவிட்டு, பதினைந்தாண்டுக்கு முன் மாதர்சங்கம் தைத்த உருண்டை அங்கி அது. துவைத்தால் சுருங்குமென்று அன்றுமுதல் துவைக்கப்படாதது.

"எனக்கு அது தொளதொளன்னு இருக்கும்," என்றாள் லவர்ன், காப்பியை ஊதியபடி. "உனக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி."

வீரன் மனைவி நெல்டா ஒரு காகிதக் கைத்துடைப்பானை நீட்டினாள். "டோனட்டைக் கீழ வச்சிட்டுச் சபதம் போட்டிருக்கலாம். சட்டையெல்லாம் சர்க்கரை."

இனி எதிரியைப் பாடுவோம். சாம்பற்பொன் மேனியள், ஈட்டிமுகத்தள், முள்வேலியில் கிழிபட்ட இடக்காதினள், புழுதிமேல் புழுதியும் எழாமல் நடக்கும் பூவடியள், நாள்தோறும் விடியலில் கொடிவரிசைதோறும் நின்று நின்று முகர்ந்து, தலையசைத்து, அடுத்ததற்குச் செல்லும் தனிப்பெண் கயோட்டி. அந்நடையைப் பார்த்த நெல்டாதான் பெயர் சூட்டினாள்: "கடையில கணக்கு பார்க்க வந்த அதிகாரி மாதிரி இல்ல நடக்குறா. இன்ஸ்பெக்டரம்மா."

துப்பாக்கி இல்லையா என்று வினவும் அன்பர்க்கு உரைப்போம். இருந்தது, பரணில் உறங்கியது. ஒருமுறை எல்டனின் அண்ணன் ஒரே குளிர்காலத்தில் நாலு கயோட்டிகளைச் சுட்டு வீழ்த்தினான். அடுத்த கோடையில் மண்ணுக்கடியிலிருந்து எலிப்படை புறப்பட்டு, டிரைஃபோர்க்கின் கொடிவேர் அத்தனையையும் கத்தரித்துத் தள்ளியது. அவ்வாண்டு பொருட்காட்சியில் தர்ப்பூசணிப் பிரிவில் வைக்கப்பட்டது ஒரு வெள்ளரிக்காய். ஆகவே இன்ஸ்பெக்டரம்மா எலிக்கு எமன், கனிக்குக் கள்வி. ஒரே வேலியின் இருபுறமும் வாழ்ந்தாக வேண்டும். கொல்லாமல் வெல்வதே எல்டன் பூண்ட விரதம்.

ஆயுதங்களை அடுக்கினான். முதலில் பழைய இசைக் குறுந்தகடுகளைக் கயிற்றில் கோத்து வேலியெங்கும் தொங்கவிட்டான். அவை வெயிலில் ஆயிரம் வாள்போல் மின்னின. இன்ஸ்பெக்டரம்மா ஒன்றன்முன் நின்று தன் கிழிந்த காதைப் பார்த்துக்கொண்டாள். அடுத்து, மனிதக்குரல் கேட்டால் கயோட்டி அண்டாதென்று யாரோ சொல்ல, வயலின் நடுவே வானொலிப்பெட்டியை வைத்தான். மறுநாள் விடியலில் அவள் அதன் பக்கத்தில் முன்னங்கால்மேல் முகவாய் வைத்துப் படுத்து, மக்காச்சோள விலைநிலவரத்தை முழுதும் கேட்டு, விளம்பரம் வந்ததும் எழுந்து போனாள்.

"விலை சரிஞ்சிருச்சாம். அவ முகமே சரியில்ல," என்றாள் நெல்டா சமையலறைச் சன்னலிலிருந்து.

இறுதியாக எடுத்தான் இறுதி ஆயுதத்தை. கயோட்டியைக் கண்டால் ஓடாதீர், உருவைப் பெரிதாக்குக, ஓசையைப் பெரிதாக்குக என்று வட்டாரத்தில் விநியோகித்த துண்டறிக்கை ஒன்று குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. அதன் ஆணைப்படி நெல்டாவின் மஞ்சள் மழையங்கியை இருகைகளிலும் சிறகென விரித்து, வான்கோழி சுடும் தட்டை நன்றித்திருநாள் விருந்திலிருந்து கடன்வாங்கி, கரண்டியால் அறைந்து, அண்டம் கிடுகிடுக்க, வரப்புகள் வெடிபட, அரைமைல் தொலைவிலுள்ள லவர்னின் மூன்று நாய்களும் ஊளையிட்டு ஓய, விடியல்தோறும் அவன் ஆடிய ஊழித்தாண்டவத்தை, இன்ஸ்பெக்டரம்மா வாலைச் சுற்றி அமர்ந்து இறுதிவரை பார்த்தாள். ஒருநாள் கொட்டாவி விட்டாள். மறுநாள் தன் இரு குட்டிகளையும் அழைத்து வந்திருந்தாள்.

இத்தனைக்கும் நடுவில் ஆளுநர் வளர்ந்தார். ஆளுநர் என்பது எல்டன் தன் முதன்மைக் கனிக்கு இட்ட பெயர். கருவுற்ற பன்றியை ஒத்த பருமன், பாம்புவரி மேனி, பளபளக்கும் முதுகு. காலைமாலை அதன்மேல் விரலால் தட்டிக் காது வைத்துக் கேட்பான். பழுத்த கனி கனத்த குரலில் பேசும், பழுக்காதது வெண்கலக் குரலில் பேசும். அது தர்ப்பூசணி வளர்ப்போர் அனைவரும் அறிந்த சூத்திரம். ஆயினும் எல்டன், எதிரி வரும் அரவத்தைக் கேட்பதற்காக நல்ல வலச்செவியை வேலிப்பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, டிராக்டருக்குத் தானம் செய்த இடச்செவியையே கனிமேல் வைத்தான். பதினோராண்டும் அப்படியே வைத்தான். அச்செவியில் எல்லாக் கனியும் கனிந்த கனியே.

இன்ஸ்பெக்டரம்மாவோ ஆளுநரை ஒவ்வொரு நாளும் ஏறிட்டும் பாராமல் கடந்து, வேலிக்கம்பத்தடியில் கோணலாய்க் கிடந்த ஒரு சிறுகனியின்முன் மட்டும் நின்று, மூக்கை ஒட்டி, நெடுநேரம் யோசித்தாள்.

"பாத்தியா? ஆளுநர் பக்கமே வரல. பயம்," என்றான் எல்டன்.

"பயமா? மூக்கு இருக்குற ஜென்மம் அது," என்றாள் நெல்டா. "பெருசா இருந்தா இனிக்கும்னு யார் சொன்னா? உங்க அண்ணனும்தான் பெருசா இருக்கான்."

அவன் வலச்செவியையும் அப்போது மூடிக்கொண்டான்.

பொருட்காட்சி நாள் புலர்ந்தது. கிழக்கு வெளுக்க, கம்பிவேலியில் பனி முத்துக்கோக்க, வலக்கையில் அறுப்புக்கத்தியும் இடக்கையில் வான்கோழித் தட்டும் தோளில் மஞ்சள் மழையங்கியுமாக வீட்டுச் செருப்போடு களம் புகுந்தான் எல்டன். புகுந்தவன் நின்றான். கம்பத்தடியில் இன்ஸ்பெக்டரம்மா. இன்று அவள் முகரவில்லை. கோணற்கனியின் காம்பைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தாள். காம்பு அறுந்தது. கனி உருண்டது. சரிவில் உருண்டு, வேலியின் கிழிசலை நோக்கி, சோதனை முடித்த சரக்குப்போல் ஒழுங்காகச் சென்றது.

அது ஆளுநர் அல்லவே, போனால் போகிறதென்று விடுபவனா வீரன்? பாய்ந்தான். கடலிடைச் சுறாவென, காற்றிடைப் பருந்தென, கடைசி நிறுத்தத்தில் இறங்க மறந்தவனெனப் பாய்ந்தான். பாய்ந்த பாதம் ரப்பர்க்குழாயில் சிக்க, வான்கோழித் தட்டு வானில் எழ, மழையங்கி முகத்தில் மூட, கத்தி எங்கோ போக, பதினோராண்டு அவமானமும் நூற்றுப்பத்துக் கிலோ எடையுமாகக் குப்புற விழுந்து, உருண்டுவந்த கோணற்கனியைத் தாய் மகவை அணைத்தாற்போல் வயிற்றோடு அணைத்துக் கிடந்தான். கண்திறந்தால், நாலு விரற்கடை தொலைவில் ஈட்டிமுகம். மஞ்சள் விழிகள் நீல விழிகளை நோக்கின. நீல விழிகளும் நோக்கின. உலகம் ஒரு கணம் வேறு வேலையை நிறுத்திவைத்தது.

"குடுக்க மாட்டேன்," என்றான் எல்டன், மணலைத் துப்பியபடி. "கேஸ் போட்டுக்கோ."

இன்ஸ்பெக்டரம்மா பெருமூச்சு விட்டாள். திரும்பினாள். நிதானமாக நடந்து, இதுவரை ஒருநாளும் அண்டாத ஆளுநரிடம் சென்றாள். ஒருமுறை முகர்ந்தாள். பின்பு அதன் பளபளக்கும் முதுகின்மேல் குந்தி, நிதானமாக, முழுதாகச் சிறுநீர் கழித்து, குட்டிகள் காத்திருந்த புல்வெளிக்குள் மறைந்தாள்.

பின்வாசற்படியில் காப்பிக்கோப்பையோடு நின்றிருந்த நெல்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முத்திரை குத்திட்டாங்கப்பா. ஆளுநர் தள்ளுபடி. கையில இருக்கறதை எடுத்துட்டு வா, நேரமாகுது."

வேறு வழியில்லை. முத்திரை குத்திய ஆளுநரை நடுவர்முன் வைக்க முடியாது. வெட்டிப் பார்த்தாலோ உள்ளே வெளிறிய இளஞ்சிவப்பு, நடுவில் ஒரு பொந்து. எல்டன் அதைப் பார்த்தான். பிறகு இடச்செவியை ஒருமுறை தடவிக்கொண்டான்.

பொருட்காட்சிக் கொட்டகையில் கோணற்கனியைக் கண்டதும் லவர்ன் குனிந்து கண்ணாடியைச் சரிசெய்தாள். "இது என்ன எல்டன், உக்காந்துட்டியா இதும்மேல? இங்க பாரு, பல்லு பட்டிருக்கு. விதிப்படி கடிபட்டது செல்லாது."

நடுவர் அம்மையார் விதிப்புத்தகத்தை விரித்து விரலால் தடவினார். "பூச்சி போட்டிருக்கு. பறவை போட்டிருக்கு. எலி போட்டிருக்கு. கயோட்டி இல்லையேம்மா. பல்லும் உள்ள இறங்கல, கீறல்தான். அழகுக்கு அரைப் புள்ளி குறைச்சுக்கறேன்."

கத்தி வைத்தார். வைத்த கணமே, தொடுவதற்குக் காத்திருந்ததுபோல் கனி தானாக விரிசல்விட்டுப் பிளந்தது. அந்தி வானம் அரைக்கோளமாய் மேசைமேல் இரண்டுமுறை உதித்தது. சுவைத்தார். கண்ணை மூடினார். பதினோராண்டு வழக்கத்தில் மூடிய கண் உடனே திறக்கும், இன்று திறக்கவில்லை. கண்ணை மூடியபடியே கை மட்டும் நீண்டு இரண்டாவது துண்டை எடுத்தது. பிறகு நீல ரிப்பன் எடுக்கப்பட்டது.

லவர்ன் ஒரு துண்டைக் கேளாமலே எடுத்துத் தின்றாள். விதைகளை ஒவ்வொன்றாகத் துப்பி முடித்தபின் தாழ்ந்த குரலில் கேட்டாள். "சரியா இந்த நாள்தான்னு எப்படித் தெரிஞ்சுது? உனக்கு இடது காது சுத்தமாக் கேக்காதே."

அங்கே ஒரு கணம், வீரருக்கெல்லாம் வரும் பெருஞ்சோதனை எல்டனுக்கும் வந்தது. என் விரல், என் செவி, என் ஐம்பதாண்டு அனுபவம் என்னும் பொய் நாவின் நுனிவரை வந்து நின்றது. அதை விழுங்கினான். "நான் கண்டுபிடிக்கல. இன்ஸ்பெக்டரம்மா வந்து பாத்துச் சொன்னாங்க."

லவர்ன் இன்னொரு துண்டை எடுத்தாள். "எங்க மூணு நாயையும் கட்டிப்போட்டா," என்றாள் அதைக் கடித்தபடி, "அது எங்க பக்கமும் ஒரு எட்டு வருமா?"

மாலை ஊர்வலத்தில், துவைக்காத பதினைந்தாண்டின் வாசம் கமழ, பச்சைவரி அங்கிக்குள் தொளதொளவென்று லவர்ன் ஷிமெக் ஒரு பேரரசியின் மிடுக்கோடு இருபுறமும் கையசைத்துச் சென்றாள். தெருவோரம் நின்ற எல்டன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்தான். அதன்பின், வாகை சூடி, பகைவர் புகழ் பெற்று, நெஞ்சில் நீலம் அசைய, செங்கதிர் மேற்கே சாய, சமவெளியின் கோதுமைத்தாளெல்லாம் தலைவணங்க, தொலைவில் புல்வெளிக்குள் ஈட்டிமுகத்தாளும் குட்டிகளும் ஒருசேர எழுப்பிய ஊளை வெற்றிச்சங்கென முழங்க, அந்த ஊளையை வலச்செவியால் நின்று கேட்டு, தன் வாழ்நாளின் முதற்பெருவெற்றியோடு எல்டன் குரோல் தன் மாளிகை வாயிலை அடைந்தான்.

நெல்டா ரிப்பனை வாங்கிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, குப்பைத்தொட்டி மூடி திறந்து கிடக்கிறது, போய் மூடிவிட்டு வா என்றாள்.