நிபுணர் போட்ட மஞ்சள் தரை

நிபுணர் என்பது அவர் படித்து வாங்கிய பட்டம் இல்லை. வீட்டில் எது பழுதானாலும் ஆளைக் கூப்பிடாமல் தானே கைவைத்து, அதை இரண்டு மடங்காகப் பழுதாக்குவதால் மனைவி சூட்டிய பெயர். அப்பேர்ப்பட்டவர் போன வருஷம், கார் ஷெட்டின் தரைக்குத் தன் கையாலேயே பூச்சு பூசுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மனைவி தையல் வேலை செய்பவள். பதினோரு வருஷமாகப் படுக்கையறை மூலையில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே, முழங்கை இடிக்க இடிக்கத் தைத்துக்கொண்டிருந்தாள். ஷெட்டில் ஓரமாக மிஷினைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். சரி என்றிருக்கலாம். நம் ஆள் சொல்லவில்லை. கண்ணாடி மாதிரித் தரை போடப் போகிறேன், அங்கே நூலும் துணியுமாகக் குப்பை போடக் கூடாது என்றுவிட்டார்.

"எத்தனை நாளைக்குக் கண்ணாடி?" என்றாள் அவள்.

"ஆயுசுக்கும். ஒரு வருஷத்துக்குள்ள இம்மி நிறம் மாறினாலும், மாறின இடமெல்லாம் உனக்கு. எழுதியே தரேன்."

"எழுத வேண்டாம். சொன்னதே போதும்."

பூச்சு என்னவோ பளபளத்தது. பக்கத்து வீட்டுக்காரரைச் செருப்பைக் கழற்ற வைத்து உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். ஒன்பதாம் மாசம் காரைக் கழுவ வெளியே எடுத்தபோதுதான் பார்த்தார். டயர் நின்ற நாலு இடத்திலும் தட்டு அகலத்துக்கு மஞ்சள். சோப்புப் போட்டார். எலுமிச்சம்பழம் தேய்த்தார். தின்னர் தொட்டுத் துடைத்தார். கைத்தோல் உரிந்ததே தவிரக் கறை அசையவில்லை. தரை மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டது.

பூச்சு விற்ற கடைக்காரரிடம் ஓடினார். அது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, உள்ளே இறங்கிய நிறம், சுரண்டிவிட்டுத் திரும்பப் பூச வேண்டியதுதான் என்றார் அவர். எதனால் வந்தது என்றும் சொல்ல வாயெடுத்தார். நிபுணருக்கு அதைக் கேட்கப் பொறுமை ஏது? வெயில்தான், எனக்குத் தெரியும் என்று சொல்லிப் படியிறங்கிவிட்டார்.

வெயில் படாமல் மூடினால் கறையும் தெரியாது, பரவவும் செய்யாது. நாலு இடத்தை மட்டும் மூடினால் சந்தேகம் வரும். ஆகவே முழுத் தரைக்கும் மேட் போடுவது என்று முடிவு செய்தார்.

"நீங்க எதுக்குங்க அலையணும்? மேட்தானே, நானே வாங்கிட்டு வரேன்," என்றாள் மனைவி.

நிபுணர் நெகிழ்ந்துபோனார். கனமான கறுப்பு ரப்பர் மேட் வந்து இறங்கியது. அவளே ஒரு முனையைப் பிடித்துச் சுவருக்குச் சுவர் விரிக்க உதவினாள். இப்படிப்பட்டவளிடம் போய் மறைக்கிறோமே என்று அவருக்கு உறுத்தியது. நாலு தட்டு அகலம்தானே, சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார். இன்றுவரை அவர் வருந்துவது அதற்காகத்தான்.

வருஷம் முடிந்த அன்று காலையில் மேட்டைச் சுருட்டச் சொன்னாள். சுருட்டச் சுருட்ட மஞ்சள். வாசலிலிருந்து கடைசிச் சுவர் வரைக்கும் மஞ்சள்.

"இது செல்லாது. நீ வாங்கின மேட்டாலதான் இப்படி ஆச்சு. அதுக்கு முன்னாடி நாலே நாலு எடத்துலதான் இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"தெரியும். அப்பவே பார்த்தேன்," என்றாள். "ரப்பர் பட்டா மஞ்சளாகும்னு பூச்சு டப்பாவிலேயே போட்டிருக்கு. நீங்க திறந்தீங்க, நான் படிச்சேன்."

"தெரிஞ்சுமா ரப்பர் மேட் வாங்கினே?"

"பின்ன? நாலு தட்டு அகலத்துல மிஷின் நிக்குமா?"

நிபுணர் கணக்குப் போட்டார். கேட்டபோதே ஒரு ஓரத்தைக் கொடுத்திருந்தால் முக்கால்வாசி ஷெட் மிஞ்சியிருக்கும். அது கிடக்கட்டும், பதினோரு வருஷமாக இடிபட்ட அந்த முழங்கையை ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தோமா என்று மனசு அடித்துக்கொண்டது. போய்த் தையல் மிஷினைத் தானே தூக்கிவந்து ஷெட்டின் நடுவில் வைத்தார். மூச்சு வாங்கியது. பிறகு தயங்கித் தயங்கி, மழை நாளில் மட்டும் காரை ஓரமாக நிறுத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

"டயரும் ரப்பர்தாங்க," என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடி. "என் தரை கெட்டுப்போயிடும்."