மூன்றாவது மலையில் நிலுவை

பழைய கேசட்டைப் புதிய மிஷினில் போட்டு ஆடக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அனுமதி வாங்கிவிட்டு ஆடு என்றுதான் சொல்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்று யாராவது கேட்டால், அவர் இசைவு ஆணையத்தின் படி ஏறாதவர் என்று அர்த்தம்.

பரிசோதகரும் ஏறாதவராகத்தான் இருந்தார். இருபத்தெட்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். உள்ளங்கை அகலத்தில் ஒரு கேம் மிஷின் வைத்திருந்தார். அதற்கு ஒரே கேசட். ஒரு ஆட்டை மலை மலையாக ஏற்ற வேண்டும். மொத்தம் நூறு மலை. பதினோரு வருடத்தில் தொண்ணூற்றாறு ஏற்றிவிட்டார்.

"ஆட்டை ஏத்தினது போதும். இந்த மளிகைப் பையைக் கொஞ்சம் மாடி ஏத்துங்க" என்பாள் மனைவி.

"இன்னும் நாலு மலைதான் பாக்கி."

அந்த நாலு பாக்கி இருக்கும்போது மிஷின் மண்டையைப் போட்டது. பழைய மாடல் கடையில் இல்லை. புது மாடல் வாங்கினார். கேசட் அதில் நுழையவில்லை.

தெருமுனை மெக்கானிக் மிஷினைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உள்ள ஒரு பல்லு வச்சிருக்கான் சார். பழசு நுழையக் கூடாதுன்னே வச்சது. கேசட்டு மூலையை அரத்தால தேய்ச்சா போயிடும். ரெண்டு நிமிஷ வேலை."

"தேய்ங்க."

"அனுமதிக் கடிதம்?"

"ரெண்டு நிமிஷ வேலைக்கா?"

"வேலைதான் ரெண்டு நிமிஷம். இல்லாட்டி வீட்டுலயே தேய்ச்சுக்குங்க. யாரு பாக்கப் போறா?"

பரிசோதகரின் முகம் கோணியது. 'யாரு பாக்கப் போறா' என்ற எத்தனையோ பேரை நடுவழியில் இறக்கிவிட்டவர் அவர். கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆணையத்துக்குக் கிளம்பினார்.

ஆணையத்தில் ஆய்வாளர் என்று ஒருவர் இருந்தார். கேசட்டை வாங்கிப் பதிவேட்டில் எழுதி, தன் மேஜையிலிருந்த புது மிஷினில் செருகினார். சுளுவாக நுழைந்தது.

"எப்படி சார் போச்சு?"

"ஆணையத்து மிஷினுக்குப் பல்லு கிடையாது."

"அப்போ ஓடுதுன்னு எழுதிக் குடுத்துடலாமே."

"ஓடுறது வேற, இயங்குறது வேற." ஆய்வாளர் விதிப் புத்தகத்தைத் திறந்தார். "ஆட்டத்தை ஆரம்பத்துல இருந்து ஆடிப் பாக்கணும். முதல் மலை ஏறினா, 'இயங்க முயல்கிறது.' ரெண்டாவது ஏறினா, 'இயங்கக்கூடும்.' மூணாவது ஏறினாத்தான், 'இயங்குகிறது.'"

பரிசோதகர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"சார், மூணாவது மலை உச்சியில ஆட்டம் தானா பதிவாயிடும். கேசட்டுல பதிவுக்கு ஒரே இடம்தான். என் தொண்ணூத்தாறும் போயிடும்."

"தொண்ணூத்தாறைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லையே."

"மனுவைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"ஆய்வு தொடங்கியாச்சு. முடியாம நிறுத்த முடியாது."

ஆனால் கடவுள் இருக்கிறார். ஆய்வாளருக்கு ஆட வரவில்லை. மூன்றாவது மலையின் நடுவில் ஒரு பள்ளம். அதில் ஆடு காலையில் நாற்பது தடவை விழுந்தது. சாப்பாட்டுக்குப் பின் அறுபது தடவை விழுந்தது. கோப்பில் 'மூன்றாவது மலையில் நிலுவை' என்று ஏறியது.

திங்கட்கிழமைதோறும் பரிசோதகர் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். வேலை நடக்கவில்லை என்று அறிந்து நிம்மதியாகத் திரும்பினார். அந்தக் கட்டடத்துக்கு அப்படி வந்து போனவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாம் வாரம் ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார்.

"தொண்ணூத்தாறு ஏறினவராச்சே நீங்க. இதை எப்படித் தாண்டுறது?"

வாழ்க்கையில் முதல் பொய்யைப் பரிசோதகர் அப்போது சொன்னார்.

"கண்ணை மூடிக்கிட்டுக் குதிக்கணும் சார்."

ஆய்வாளர் கண்ணை மூடினார். ஆடு விழுந்தது.

"சரியாத்தானே செஞ்சேன்?"

"இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடணும்."

ஐந்தாம் வாரம் நிலுவைக் கணக்கெடுப்பு வந்தது. துணை இயக்குநர் அம்மா அறையை விட்டு வெளியே வந்தார். அவர் வெளியே வருவது அபூர்வம் என்பதால் எல்லோரும் எழுந்தார்கள்.

"ஒரு ஆடு அஞ்சு வாரமா மலை ஏறலையா?"

"பள்ளம் மேடம்" என்றார் ஆய்வாளர்.

"குடுங்க இப்படி."

"கண்ணை மூடிக்கிட்டு..." என்று பரிசோதகர் குறுக்கே வந்தார்.

"என் பிள்ளைங்க ரெண்டு பேரையும் இதுல அழ வச்சவ நான். நீங்க உக்காருங்க."

மேஜையில் வைத்த டீ ஆறுவதற்குள் ஆடு உச்சியில் நின்றது. மிஷின் பெயர் கேட்டது. அம்மா பதவியை அடித்தார். 'பதிவு செய்யப்பட்டது' என்று எழுத்து மின்னியது. பரிசோதகர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பதினோரு வருடம்.

"அனுமதியாவது குடுங்கம்மா."

துணை இயக்குநர் கோப்பைப் புரட்டினார். நெற்றி சுருங்கியது.

"ஆட்டம் ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் ஆகியிருந்தாத்தான் பழைய கேசட். இதுல இருக்கிற ஆட்டம் போன மாசம்தானே ஆரம்பிச்சிருக்கு?"

"நீங்க ஆரம்பிச்சது அது!"

"யார் ஆரம்பிச்சாங்கன்னு விதி கேக்கலை."

மறுநாள் கடிதம் வந்தது. 'தங்கள் மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. தங்கள் கேசட் பழையது என்பதற்கான சான்று எதுவும் கேசட்டில் காணப்படாமையால் அது புதியதெனக் கருதப்படுகிறது. புதிய கேசட்டுக்கு அனுமதி தேவையில்லை. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. ஆணையம் பதிந்த பெயரை அழிப்பது குற்றம் என்பதும் அன்புடன் தெரிவிக்கப்படுகிறது.'

மெக்கானிக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அரத்தை எடுத்தார். இரண்டு நிமிடம்தான் ஆனது.

வீட்டுக்கு வந்து பரிசோதகர் மிஷினை இயக்கினார். மூன்றாவது மலை உச்சியில் ஆடு நின்றது. தலைக்கு மேல் 'துணை இயக்குநர்' என்று எழுதியிருந்தது. அழிக்க விரல் போனது, கடிதம் ஞாபகம் வந்தது, விரல் திரும்பியது.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு நாள் ஆட்டை ஏத்தினீங்க. இப்ப அதிகாரியையா?"

"அழிக்கக் கூடாதுன்னு இருக்கு."

"ஏத்துங்க, ஏத்துங்க. அவங்களுக்கும் நம்மளை விட்டா யாரு இருக்கா."

ஆணையத்துக்குப் போய் வந்த கேசட்டுகள் ஊரில் பெருகிவிட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு பதவி. பேருந்து நிறுத்தத்தில் பாருங்கள், வரிசையாகக் குனிந்த தலைகள். முதலில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். இப்போது இல்லை.

சென்ற வாரம் பரிசோதகரின் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர் கையிலும் ஒரு மிஷின்.

"உங்க அதிகாரி எத்தனையாவது மலை?"

"இருபத்திரண்டு" என்றார் பரிசோதகர். தானாகவே முதுகு நிமிர்ந்தது.

அந்த மனிதர் தன் திரையைக் கையால் மூடிக்கொண்டார்.

"எங்க இணைச் செயலாளர் இன்னும் ஒன்பதுலதான் நிக்கிறாரு" என்றார் கூச்சத்தோடு. "தப்பு என் மேலதான். நான் இன்னும் நல்லா உழைக்கணும்."