மகாமல்லன் டானிக்கும் என் நாலரைக் கிலோவும்

எனக்குப் பிடிவாதம் அதிகம். மூளையும் அதே அளவுக்கு இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஒரு டானிக்கை ஊரை விட்டே விரட்டுவேன் என்று கிளம்பி, நாற்பதே நாளில் அந்த டானிக்குக்கு நானே நடமாடும் விளம்பரமாகிப் போனவன் நான். இதில் வேறு யாருடைய சதியும் இல்லை. முழுக்க முழுக்க என் சொந்த உழைப்பு.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்து நாலு வயது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி அந்தமானின் போர்ட் பிளேருக்கு வந்து, ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். அங்கே டாலிகஞ்ச் பகுதியில் காமாட்சி அக்கா வீட்டில்தான் ஜாகை. மச்சான் காண்ட்ராக்டர் ஒருவரிடம் மேஸ்திரி. பாதி நாள் வேறு ஏதாவது தீவில் பாலம் கட்டிக்கொண்டிருப்பார். வீட்டில் அக்காவும், ஆறு வயது வசந்தியும், நாட்டைத் திருத்தும் எண்ணத்துடன் நானும்.

வசந்திக்குக் கையும் காலும் முருங்கைக்காய் மாதிரி. வயிறு மட்டும் பானை. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அக்கா கண்டுபிடித்த வைத்தியம் 'மகாமல்லன் சத்து டானிக்'. பாட்டிலின் மேல் முறுக்கு மீசை வைத்த பயில்வான் ஒருவன் மாட்டு வண்டிச் சக்கரத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பான். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதற்கு ஓர் எழுத்து கிடையாது. எதற்கெல்லாம் நல்லது என்பதற்கு மட்டும் நாலு பக்கமும் எழுத்து: பலவீனம், ஞாபக மறதி, முடி உதிர்தல், பரீட்சை பயம். (மழையை நிறுத்தும் என்று மட்டும்தான் போடவில்லை.)

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக்கா" என்றேன்.

"பிள்ளைக்கு நோவா நொடியா? மெலிஞ்சு கெடக்கு, அம்புட்டுத்தேன். அங்க போனா சும்மா சும்மா ஊசி குத்துவாக. டானிக்கு இருக்குல்ல?"

இனிப்பாக இருந்ததால் பிள்ளையும் நக்கி நக்கிக் குடித்தது. குடித்த வயிற்றுக்குச் சோறு இறங்கவில்லை. சோறு இறங்காததால் அக்கா இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பிள்ளை என் தோளில் தூங்கும்போது விலா எலும்பு ஒவ்வொன்றும் என் நெஞ்சில் குத்தும். அன்றைக்கே முடிவு செய்தேன்: இதை விடுவதில்லை.

அலுவலகத்துக் கிளார்க்குக்குக் கோபம் வந்தால் என்ன செய்வான்? மனு எழுதுவான். நான் மூன்று பக்கம் எழுதினேன். டானிக், சத்துமாவு, லேகியம் எதுவாக இருந்தாலும் அரசாங்கம் சோதித்துப் பார்த்த பிறகே விற்க வேண்டும்; என்ன சேர்ந்திருக்கிறது என்பதைப் பாட்டிலில் எழுத வேண்டும்; விற்பவருக்கு லைசென்ஸ் வேண்டும். கையெழுத்து வாங்குவதற்காக, தமிழர்கள் கூடும் தகரக் கொட்டகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டமும் போட்டேன். அறுபது பேர் வந்தார்கள். (மழைக்கு ஒதுங்கியவர்களையும் சேர்த்து.)

ஒரு மணி நேரம் பேசினேன். பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். பயில்வானைக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். பிறகு எதிர்த்தரப்பு எழுந்தது. எதிர்த்தரப்பு என்றால் காசிம் பாய். பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். மகாமல்லன் அவர் கடையில்தான் கிடைக்கும். தங்கமான மனிதர். வசந்தியைக் கண்டால் கையில் கல்கண்டு வைக்காமல் அனுப்ப மாட்டார்.

"தம்பி சொல்றது நாயம்தான்" என்று அவர் நிதானமாக ஆரம்பித்தார். "ஆனா ஒரு சந்தேகம். சர்க்கார் சோதிக்கணும்னா பாட்டில் மெயின்லேண்ட் போவணும். இங்க தலைவலி மாத்திரையே கப்பல்லதான் வருது. கப்பல் எப்ப வரும்னு கப்பலுக்கே தெரியாது. பாட்டில் போயி, சோதிச்சு, முத்திரை குத்தி, திரும்பி வர்றதுக்குள்ள சீக்காளிக்கு நாப்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிருவாங்களே தம்பி?"

கொட்டகை சிரித்தது. இன்று யோசித்தால் அது நல்ல கேள்வி. பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் எனக்கோ காதெல்லாம் சூடாகிவிட்டது. சிரித்தவர்களில் என் அக்காவும் ஒருத்தி.

"நாற்பது நாள்தானே? சரி!" என்று கத்தினேன். "நாற்பது நாள் இந்த டானிக்கை நானே குடிக்கிறேன். இன்றைக்கு எடை பாருங்கள், நாற்பதாம் நாள் எடை பாருங்கள். ஒரு கிலோ கூடியிருந்தாலும் இந்த மனுவை எல்லோர் முன்னாலும் நானே கிழிக்கிறேன்!"

அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். "நல்லாக் கேட்டுக்கங்க எல்லாரும். இவன் செயிச்சா மறுநாளே பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன். தோத்தான்னா டானிக்கைப் பத்தி என் வீட்டுல வாயைத் தொறக்கப்படாது."

இதைவிட நல்ல பந்தயம் கிடைக்குமா? உடம்பு ஏறாது என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. எங்கள் வம்சத்திலேயே யாருக்கும் ஏறியதில்லை.

சாமான் எடை போடும் பெரிய தராசு, கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியின் குடோனில்தான் உண்டு. கூட்டமே மழையில் நனைந்துகொண்டு அங்கே போனது. தராசுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு ராஞ்சிக்காரர். மனிதனை நிறுக்க வேண்டும் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போரா கஹாங் ஹை?" என்றார். (மூட்டை எங்கே என்கிறார். என்னை மூட்டை தூக்கி வந்த கூலி என்று நினைத்துவிட்டார்.) ஏறி நின்றேன். நாற்பத்தேழு கிலோ. காசிம் பாய் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த நேரத்தில் ஊர் இருந்த நிலைமையைச் சொல்ல வேண்டும். அப்போது நான் கவனிக்கத் தவறியது அதைத்தான். கடல் கொந்தளிப்பில் கப்பல் மூன்று வாரம் தாமதம். வெங்காயம் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, எண்ணெய் இல்லை. அரிசி அளந்து அளந்து வேகும். மீன் பிடிக்கப் படகும் போகவில்லை. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மதியம் பருப்புத் தண்ணீர், இரவில் மறுபடி மரவள்ளிக்கிழங்கு. போர்ட் பிளேர் முழுக்க இடுப்பு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தது.

பதினோராம் நாள் கப்பல் வந்தது.

அக்கா வீட்டில் அன்றைக்குத் தாளித்த வாசனை அடுத்த ஊரான புரோத்ராபூர் வரைக்கும் போயிருக்கும். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய தகர டின்னில் கருவாடும் நல்லெண்ணெயும் ஒரு படி அதிரசமும் இருந்தன. உருளைக்கிழங்கு வறுவல், வெங்காயக் குழம்பு, கருவாட்டுத் தொக்கு. கடலும் அடங்கி, மீனும் வந்தது. இங்கேதான் என் நேர்மை குறுக்கே நின்றது. 'பட்டினி கிடந்து ஜெயித்தான்' என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? அதனால் பரிசோதனையின் நலனுக்காக வயிறாரச் சாப்பிட்டேன். பரிசோதனையின் நலனுக்காக மூன்றாம் முறையும் சோறு கேட்டேன். எத்தனை மணிக்கு எத்தனை கரண்டி டானிக் என்று ஒரு நோட்டில் நாள் தவறாமல் எழுதி வைத்தேன். சோற்றைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. விஞ்ஞானத்தில் சோறு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

முப்பதாம் நாள் பேண்ட் பொத்தான் தெறித்தது. நூல் பழசு என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் ஜெட்டியில் திருவிழாக் கூட்டம். தமிழர்கள் மட்டுமல்ல, வங்காளிகளும் மலையாளிகளும் தெலுங்கர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். தீவில் கப்பலைத் தவிர வேறு என்ன வேடிக்கை? நான் சட்டையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு, மனுவைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி தராசில் ஏறினேன்.

ராஞ்சிக்காரர் எடைக்கல்லை நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் நகர்த்தினார்.

"இக்யாவன் சாடே!" (ஐம்பத்தொன்றரை என்பதை அவர் அப்படித்தான் சொன்னார். கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது.)

நாலரைக் கிலோ. விசில் பறந்தது. யாரோ "மகாமல்லனுக்கு!" என்று கத்த, ஜெட்டியே "ஜே!" போட்டது. நான் தராசிலிருந்து இறங்காமல், இறங்கினால் ஏதாவது குறையுமோ என்பது போல நின்றேன். பிறகு மூன்று பக்க மனுவைக் கிழித்தேன். கூட்டத்துக்கு நடுவில் அக்காவின் இடுப்பில் வசந்தி உட்கார்ந்து, எதற்கென்று தெரியாமல் எனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குச்சிக் கைகளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று ஊர் பேசிக்கொண்டது.

மறுநாள் காசிம் பாய் கடை வாசலில் ஒரு சிலேட்டு தொங்கியது. 'சண்முகம் கிளார்க். முதல் நாள் 47. நாற்பதாம் நாள் 51½. சாட்சி: ஊர்.' சாயங்காலத்துக்குள் பாட்டில் தீர்ந்துவிட்டது. கடைசி இரண்டு பாட்டிலை வாங்கியது என் அக்கா. அலுவலகத்தில் பெரிய கிளார்க் என் தோளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் மனைவிக்கும் ஆகுமா என்று விசாரித்தார்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸ் வேலையாக ஜெட்டிக்குப் போனேன். ராஞ்சிக்காரர் என்னைக் கண்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். குடோன் சுவரில் கரிக்கட்டையால் எழுதியிருந்ததைக் காட்டினார். அவருடைய சொந்த எடை. 58, 62, 58, 61, 57, 62.

"அரே பாபு, ஜஹாஜ் ஆனே கே பாத் சப் மோட்டா!" என்றார். கப்பல் வந்த பிறகு எல்லோரும் குண்டு. அவர் வாழ்க்கையில் மகாமல்லனை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை.

ஊரே கப்பலுக்கு முன் இளைத்து, கப்பலுக்குப் பின் பருக்கிறது. இந்தத் தீவில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். நாட்டைத் திருத்தக் கிளம்பியவனுக்குத் தெரியவில்லை.

ஓடிப்போய் அக்காவிடம் சொல்லலாமென்றால் வாயைத் திறக்கக் கூடாது, வாக்கு வாக்குதான். ஆனால் டானிக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதானே பந்தயம்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே? அடுத்த சனிக்கிழமை, "வசந்திக்குக் கப்பல் காட்டிட்டு வர்றேன்க்கா" என்று கிளம்பி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மலையாளி டாக்டரம்மா வசந்தியின் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "சத்துக் குறைவொண்ணும் இல்ல கேட்டோ. போடுற சத்தை உள்ளே வேற ஆளு தின்னுது. பூச்சி" என்றார். அங்கேயே ஒரு மருந்தைக் குடிக்க வைத்தார். ஊசி கிடையாது. நாற்பது நாள், ஒரு கூட்டம், மூன்று பக்க மனு, என் மானம். அத்தனையும் ஒரு அவுன்ஸ் மருந்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். திரும்பும் வழியில் வசந்தியின் கையில் ஒரு பொட்டலம் பிஸ்கோத்தைத் திணித்து, "அம்மாட்ட சொல்லப்படாது" என்று சத்தியம் வாங்கினேன்.

இரண்டு வாரத்தில் பிள்ளை சோறு கேட்டது. ஒரு மாதத்தில் மறுசோறு கேட்டது. கன்னத்தில் சதை வைத்தது. அக்கா டாலிகஞ்ச் முழுக்க, "எல்லாம் மகாமல்லன் புண்ணியம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஆனால் பிடிவாதம் போகுமா? அடுத்த கப்பல் தாமதமானபோது இரண்டாவது மனுவை எழுதினேன். முதல் ஆளாகக் காசிம் பாயிடம் நீட்டினேன், குடோன் சுவர்க் கணக்கையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியுமே தம்பி. கப்பல் வந்தா எனக்கும் பெல்ட்டுல ஒரு ஓட்டை தள்ளிப் போவுது."

"அப்போ அன்னைக்கே ஏன் பாய் சொல்லல?"

"நீ எங்க சொல்ல விட்ட? நீயே பேசிக்கிட்டிருந்தே, நீயே ஏறி நின்னே, நீயே கிழிச்சே."

பேனாவை வாங்கி, 'சோதனை இந்தத் தீவிலேயே நடக்க வேண்டும், கப்பலில் அனுப்பக் கூடாது' என்று ஒரு வரியைத் தானே சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சிலேட்டையும் கழற்றினார். மனு கப்பலேறியது. ஏழு மாதம் கழித்து, 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. இன்னும் வைத்திருக்கிறேன். பரிசீலனை முடிந்ததாகத் தகவல் இல்லை.

வசந்தி கல்யாணத்துக்கு முதல் நாள்தான் குட்டு உடைந்தது. என் குட்டு அல்ல, அக்காவின் குட்டு. ஆஸ்பத்திரி போன அன்றைக்கே பிள்ளை பிஸ்கோத்தையும் தின்றுவிட்டு விஷயத்தையும் சொல்லிவிட்டதாம். மிச்சம் இருந்த ஒன்றரைப் பாட்டிலையும் அக்கா அன்றைக்கே கொல்லையில் கொட்டிவிட்டாளாம்.

"பிறகு ஏங்க்கா ஊரெல்லாம் மகாமல்லன்னு சொன்ன?"

"ஊரறியப் பந்தயம் கட்டி நான் செயிச்சிருக்கேன். அதை விட்டுக்குடுக்கச் சொல்றியா?" என்றாள். பிடிவாதம் எனக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்குத் தொப்பை விழுந்தாலும், புதுமாப்பிள்ளைக்குக் கன்னம் உப்பினாலும், "என்ன, கப்பல் வந்துருச்சா?" என்பதுதான் கேள்வி. மெயின்லேண்டில் பிறந்து, கப்பலையே பார்க்காத பேரன் பேத்திகளும் கேட்கிறார்கள்.

போன மாதம் வசந்தியின் பேரன் ஒரு பெரிய டப்பாவைக் கொண்டு வந்து வைத்தான். சத்துப் பவுடராம். மேலே ஒரு பயில்வான். மீசை மட்டும் இல்லை. நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். சந்தேகம் தீரவில்லை. பேப்பரும் பேனாவும் கொண்டு வரச் சொன்னேன்.

கட்டிலில் படுத்திருந்த அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "எழுது, எழுது. தராசுல மட்டும் ஏறிராத."